நம்பர் கூடினால் நூல் மெலியும்

அம்மாவின் ஜாக்கெட் ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது, பக்கவாட்டில் மூன்று வரிசைத் தையல் இருப்பதைப் பார்த்தேன். முதல் வரிசை தையற்காரர் போட்டது. மற்ற இரண்டும் அம்மா கையால் போட்டவை, ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக. வேறு ஜாக்கெட்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். தை மாதத்துக்குப் பிறகு யாரிடமும் சொல்லாமல் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறாள். தினமும் பார்க்கிற ஆள் என்பதால் அவள் மெலிந்தது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் மம்சாபுரம். அப்பா மாந்தோப்புகளில் கூலி வேலை. அம்மா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் துணி வெட்டி மடிக்கிறாள். நான் அங்கேயே ஒரு நூற்பாலையில், நூலைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். குறிப்பிட்ட நீளத்துக்கு நூலை எடுத்து எடைபோட்டு, அது எத்தனையாம் நம்பர் என்று பார்ப்பது என் வேலை. நம்பர் கூடினால் நூல் மெலியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுத்து இருக்கிற எதுவும் நேராக என் கைக்கு வந்துவிடும். ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, வங்கிக் கடிதம், மாத்திரை அட்டை எல்லாம். தெருவில் உள்ளவர்களும் கொண்டுவருவார்கள். நான் படித்தது இயற்பியல். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"ராத்திரி தூங்குனியாம்மா?" என்று அன்று கேட்டேன்.

"தூங்குனேன்."

"எங்கிட்டுத் தூங்குனா?" என்றார் அப்பா. "கோழி கூப்பிடுறதுக்கு முன்னயே முத்தம் தெளிச்சாச்சு. பக்கத்துல படுத்தா அடுப்புக்கிட்ட படுத்த மாதிரி இருக்கு. மார்கழியில ஃபேன் போட்ட பொம்பள ஊருக்குள்ள இவ ஒருத்திதான்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை இருந்தது, காய்ச்சல் இல்லை. சாப்பாடும் குறையவில்லை. முன்னைவிட ஒரு கரண்டி கூடவே சாப்பிட்டாள்.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கண் பட்டிருக்கும் என்றார் எதிர்வீட்டு அத்தை. குடல் புழு என்றார் அப்பா. மகனுக்குப் பெண் பார்க்கிற கவலை என்று கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான் போனில் தேடி ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சர்க்கரை, டி.பி., மனக்கவலை, இன்னும் சில. கடைசியில் இருந்த நோயின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மில்லில் நூல் நிறுக்கும்போது அதுதான் நினைவில் இருந்தது.

டாக்டரிடம் போனால் எப்படியும் ரத்தம் பார்க்கச் சொல்வார், முதலிலேயே பார்த்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம் என்று நினைத்தேன். இராஜபாளையத்தில் ஒரு லேபுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். மறுநாள் வந்த தாளில் சர்க்கரை சரியாக இருந்தது. டி.எஸ்.எச். என்ற ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஆங்கில 'எல்'. குறைவு என்று அர்த்தம். போனில் பார்த்தேன், தைராய்டுக்கான பரிசோதனை என்று இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. பட்டியலின் கடைசிப் பெயர் இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

"சுகர் இல்ல. தைராய்டு குறைஞ்சிருக்கு, அம்புட்டுதான்" என்று வீட்டில் வாசித்துச் சொன்னேன்.

எதிர்வீட்டு அத்தை சிரித்துவிட்டார். "இதுக்காய்யா இம்புட்டு யோசனை? எனக்கும் அதேதான். கொறைஞ்சிருக்குன்னுதான் டாக்டரும் மாத்திரை குடுத்தாவ." பிறகு அம்மாவைப் பார்த்து, "என்ன மதினி இது, எனக்கு வந்தா உப்பிப்போயி எந்நேரமும் தூக்கமா வந்துச்சு. ஒங்களுக்கு வந்தா மெலிஞ்சு, தூக்கமும் போயிருச்சு. தைராய்டும் ஆளப் பாத்துத்தான் வருது" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சொன்னதில் ஒரு கேள்வி இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

டாக்டரிடம் போகும்வரை தினம் ஒன்று போடட்டும் என்று அத்தை தன் மாத்திரைப் பாட்டிலைக் கொடுத்தார். மேலே இருந்த பெயரைப் போனில் பார்த்தேன். தைராய்டு குறைவுக்கு என்றுதான் போட்டிருந்தது. கொடுக்கலாம் என்று சொன்னேன். நான் சொன்னதால் அம்மா போட்டுக்கொண்டாள்.

மில்லில் அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நான் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாள் அம்மா வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள தறி ஓடுற மாதிரி இருக்குலே" என்றாள் ஒருநாள். டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பியது. துணியைக் கோணலாக வெட்டுகிறாள் என்று சூப்பர்வைசர் கத்திரியை வாங்கி வைத்துவிட்டார். மருந்து வேலை செய்கிறது, முதலில் அப்படித்தான் இருக்கும் என்று அத்தை சொன்னார். பன்னிரண்டாம் நாள் காலையில் டவுன் பஸ் வந்து நின்றபோது அம்மாவால் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி கீழேயே நின்றாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் ஒரு பெண். அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஓ.பி. சீட்டை வைத்தார். சீட்டு படபடத்தது. ஃபேன் காற்று என்று நினைத்தேன். டாக்டர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். அப்போதும் படபடத்தது.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் எழுதத் தொடங்கினார். அம்மா சொன்னதை அவர் அப்படியே எழுதுவதைப் பார்த்தேன்.

"சாப்பிடுறாங்க டாக்டர். பன்னெண்டு நாளா. நான்தான் குடுத்தேன்."

பையிலிருந்து பாட்டிலையும் லேப் தாளையும் எடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார்.

"தைராய்டு குறைவுன்னு யார் சொன்னா?"

"எல் போட்டிருக்கு."

"அது டி.எஸ்.எச்.சுக்குப் போட்டிருக்கு. டி.எஸ்.எச். தைராய்டு இல்ல. தைராய்டை வேலை செய்யச் சொல்லித் தலையிலேருந்து வர்ற உத்தரவு. அங்க சரக்கு அளவுக்கு மேல வந்துட்டா, போதும்னு உத்தரவு குறைஞ்சிரும். உங்க அம்மாவுக்குத் தைராய்டு குறையல, கூடியிருக்கு. அதனாலதான் மெலிவு, தூக்கமில்லாதது, உடம்புச் சூடு, நடுக்கம் எல்லாம். அதுக்கு மேல நீங்க வெளியிலேருந்து வேற போட்டிருக்கீங்க." பேனாவை வைத்துவிட்டு, "எங்க வேலை பார்க்கிறீங்க?" என்றார்.

"மில்லுல. டெஸ்டிங்."

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். அந்த மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். இ.சி.ஜி.யும் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். அம்மா வெளியே போனபின், நான் சொல்லாமல் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"இப்போதைக்கு அப்படி நினைக்க எதுவும் இல்ல. முதல்ல இதைச் சரி பண்ணுவோம். சரி பண்ணக் கூடியதுதான்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

"என்னலே சொன்னாவ அந்தம்மா? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"நான் தப்பா வாசிச்சுட்டேன்மா. குறைவுன்னு சொன்னேன்ல, அது கூடுதல். நூல் நம்பர் மாதிரி."

அம்மா நூலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் விரல்களைத் தேய்த்தாள். "எம்பதாம் நம்பரு முடி மாதிரி இருக்கும். இருவதாம் நம்பரு தடியா இருக்கும். அப்படியா?"

"அப்படித்தான். தலைகீழ்."

"இது எனக்கே தெரியுமே. நீ தெனமும் பாக்குற வேலைதானலே இது?"

"ஆமா."

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். "டாக்டர்ட்ட ஏம்மா ஒண்ணுமில்லைன்னு சொன்ன?"

"நாலு பேரு வந்து வாசிக்கக் குடுக்குற ஆளு நீ" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டிலை அத்தையிடம் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். தன் மாத்திரை தனக்குச் சரிதானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். உங்களுக்கு டாக்டர் எழுதியது, சரிதான் என்றேன். "கூடுனதுல கொஞ்சத்த எனக்குக் குடுத்திருக்கலாம்ல மதினி? ரெண்டு பேருக்கும் சரியாப் போயிருக்கும்" என்றார். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

ரத்த முடிவு வந்ததும் டாக்டர் தைராய்டைக் குறைக்க மாத்திரை எழுதினார். நடுக்கம் முதலில் நின்றது. தூக்கம் மெல்ல வந்தது. கத்திரியை அம்மாவிடம் திரும்பக் கொடுக்கச் சில வாரங்கள் ஆயின. டாக்டர் அவ்வப்போது ரத்தம் பார்க்கச் சொன்னார். தைராய்டு அளவு இறங்கின பிறகும் டி.எஸ்.எச். நம்பர் மட்டும் வெகுநாள் அசையவில்லை. அது மெதுவாகத்தான் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கார்த்திகையில் எடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா மடியில் ஒரு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நம்பரு என்னலே ஆச்சு?"

"கூடியிருக்கு."

"அப்ப தைராய்டு எறங்கியிருக்கு" என்றாள்.

"டாக்டர் பாக்கட்டும்மா" என்று தாளைக் கவருக்குள் வைத்தேன். அம்மா அதற்குள் பிளேடை எடுத்து, உள்வரிசைத் தையலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.