ஓய்வு வாரத்து மாத்திரை

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த வீட்டில் யாராவது வாசித்தால் போதும்.

என் அக்காவுக்கு மார்பில் வந்த புற்று எலும்புக்கும் பரவியிருந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் தினமும் ஒன்று, பிறகு ஒரு வாரம் ஓய்வு, இரத்தம் பார்த்த பிறகே அடுத்த சுற்று. அதைத் தின்னத் தொடங்கியபின் முதுகுவலி குறைந்து அக்கா எழுந்து நடமாடினாள்.

அருமனைப் பக்கம் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் வெட்டு வேலையில்தான் நாங்கள் இருவரும் பிழைத்தோம். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். விலை ஏறியபோது தினமும் வெட்டச் சொன்ன முதலாளியிடம் சண்டைக்கு நின்றவள் அக்கா.

போன மழைக்காலத்தில், ஓய்வு வாரத்தின் கடைசியில், அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வைக்கையில், அடுத்த சுற்றுக்கென்று வாங்கி வைத்திருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒரு வரிசை காலி.

"இது என்னக்கா?"

"மெல்லப் பேசு. எனக்கு ஓய்வுன்னா நோய்க்கும் ஓய்வா? அது வளராதா?"

ஆட்டோவில் என் கையைப் பிடித்தாள். அவள் கை கொதித்தது.

"டாக்டருட்ட ஒண்ணும் பறயாண்டாம், கேட்டியா? தெரிஞ்சா மருந்த நிறுத்திப்போடுவாவ."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. உடனே படுக்க வைத்து ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா ரிசல்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஒரு வாரம் விட்டும் ஏறலையே. இந்த மருந்து இவங்க உடம்புக்கு ஒத்துவரல போல. மாத்த வேண்டியதுதான்."

அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் விரல்கள் என் சேலைத் தலைப்பை இறுக்கின. அவளை எழுப்பி நடக்கவைத்த மருந்து அது. நான் பேசாமல் நின்றால் அது போய்விடும். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"விடல்ல," என்றேன்.

"என்னம்மா?"

"ஓய்வு வாரத்திலயும் தின்னுட்டா."

"காட்டிக்குடுத்திட்டியே, ஏட்டி!"

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒரு வாசலைத் தாண்ட வேண்டுமாம். அதைத் திறக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. புற்றுச் செல்லில் அவை அடங்காமல் வேலை செய்வதால் வாசல் திறந்தே கிடக்கும். மாத்திரை அந்தப் புரதங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

"ஆனா வெள்ளணுவ உண்டாக்குற செல்லும் அதே வாசல் வழியாத்தான் வரணும். அதுவும் நின்னுபோகும், சாகாது. ஒரு வாரம் விட்டா எழுந்து வரும். அந்த வாரத்தையும் நீங்க பறிச்சுட்டீங்க. இப்ப சின்னக் கிருமி வந்தாலும் தடுக்க ஆளில்ல."

மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை, முதலில் காய்ச்சல் அடங்கி, வெள்ளணு ஏறிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"மரத்தத் தினமும் வெட்டுவியா நீ?" என்று கேட்டேன்.

"மரத்துக்குக் கேன்சரா இருக்கு? போ, ஏட்டி!"

பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"மாத்திரய எங்க வச்சிருக்க?"

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. மறுபடி இரத்தம் எடுத்தார்கள், வெள்ளணு ஏறவில்லை. மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுக்காமல் என் பையிலேயே வைத்திருந்தேன்.