அணைக்காத கற்பூரம்

என் அக்காள் கணவர் தில்லைநாயகம், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் சயன்ஸ் நடத்தினார். போன மாசியில் காலரா கொண்டுபோய்விட்டது. பதினாறும் கழிந்தது. அவரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சுத்தான்: நாத்திகர், பிழைக்கத் தெரியாதவர். இரண்டையும் நானும் சொல்லியிருக்கிறேன்.

நாத்திகர் என்றால் அவருக்குக் கோபம் வரும். டார்வின்கூடத் தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை, தெரியாது என்றுதான் சொன்னார் என்பார். "எனக்கும் தெரியலை மாப்பிளே. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி கும்பிடவும் முடியலை, ஏசவும் முடியலை." ஒழுக்கம் மேலேயிருந்து இறங்கியதல்ல, சேர்ந்து வாழ்ந்த உயிர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்று டார்வின் எண்ணியதையும் வகுப்பில் சொல்வார். பிள்ளைகளின் தகப்பன்மார் சும்மா இருப்பார்களா? "சாமி இல்லேன்னா வாத்தியார் எதுக்குப் பயந்து பொய் சொல்லாம இருக்காரு?" என்று கேட்டார்கள்.

1911-இல் அந்தக் கேள்வி கோர்ட்டுக்கே வந்தது.

வாய்க்காலையொட்டிய ஒரு வயல் அக்காளுக்குச் சீதனம். பெரியப்பாவுடையதாக இருந்து, அப்பா வேறொன்றைக் கொடுத்து வாய்ப்பேச்சாக மாற்றிக்கொண்ட வயல், பத்திரம் கிடையாது. பேசும்போது கூட இருந்தவர் அத்தான் ஒருவர்தான். பெரியவர்கள் இருவரும் போனபின், பெரியப்பா மகன் நாறும்பூநாதன் அண்ணன், மாற்றமே நடக்கவில்லை என்று வழக்குப் போட்டார்.

விசாரணையில் அவரே எழுந்தார். "மாப்பிள்ளை சங்கிலிபூதத்தார் கோயில் நடையில கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா வயலை விட்டுடுதேன்."

சட்டத்தில் அதற்கு இடமுண்டு. முன்சீப் ஒரு வாரம் தவணை கொடுத்தார். எங்கள் வக்கீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாமிக்குப் பயப்படாத ஆளைப் பாத்துச் சத்தியம் கேக்குதாரு! ஜெயிச்சாச்சு வே."

வீட்டுக்கு வந்ததும் அத்தான், "நான் செய்யப்போறதில்லை" என்றார்.

"நடந்தது நெசந்தானே அத்தான்?"

"நெசந்தான். கோர்ட்டுல நூறு தடவை சொல்லுதேன். கற்பூரத்தை அணைச்சா, பொய்யின்னா பூதத்தார் என்னைக் கேக்கட்டும்னு அர்த்தம். கேப்பாருன்னு நான் நம்பலையே. நெசத்துக்காக ஒரு பொய்ச் சத்தியமா?"

"மத்தவன் பயந்து நெசம் சொல்லுவான், நீங்க பயமில்லாம சொல்லப்போறீய. இதுல என்ன குத்தம்?"

அவர் எழுந்து கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்தார். அந்த வாரம் முழுக்க நடந்தார். அக்கா பிரம்மநாயகி ஒரே தடவைதான் கேட்டாள்: "ஒரு கட்டிக் கற்பூரந்தானே?"

"ஆமா நாயகி, ஒரு கட்டிதான்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

தவணை நாளில் மறுத்தார். மறுத்ததையும் காரணத்தையும் எழுதிக்கொண்டார்கள். வேறு சாட்சி இல்லை, வயல் போயிற்று. ஊர் சிரித்தது: "பாத்தியாவே, வாத்தியாருக்கும் பூதத்தாருன்னா பயந்தான்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அப்படியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் நாறும்பூநாதன் அண்ணன் வந்தார். சாப்பிட்டுக் கைகழுவியபின் என்னைத் தனியே அழைத்தார்.

"அப்பாமாரு வயலை மாத்திக்கிட்டது எனக்கும் தெரியும்லே."

"தெரிஞ்சுமா சத்தியம் கேட்டீய?"

"வேற ஆளுன்னா கேட்டிருப்பேனா? அணைச்சுட்டுப் போயிக்கிட்டே இருப்பான். இவரு மாட்டாருன்னு தெரியும்."

நானும் வக்கீலும் ஊரும் அறியாத அத்தானை இந்த மனிதர் அறிந்திருந்தார். அறிந்ததை வைத்தே வயலை வாங்கினார். உள்ளே போய் அக்காளிடம் சொன்னேன்.

"வயலைத் தாரேன்னு சொன்னாரா?"

"இல்லை."

"நீ கேட்டியா?"

"கேக்கலை" என்றேன். அக்கா, "அண்ணன் சாமிக்குப் பயந்தவருதானே. வயலை மாத்தலைன்னு இப்ப அவரை அணைக்கச் சொல்லு" என்றாள்.

விடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். மடியில் ஒரு கட்டிக் கற்பூரம் இருக்கிறது. ஒருத்தன் நம்பிக்கையைப் பிடித்து ஆட்டி நெசம் வாங்குவதா என்று அத்தான் தடுத்திருப்பார். தெரிந்துதான் போகிறேன்.