உச்சி வெயிலில் எடுத்த முகங்கள்

செல்லையா போய்விட்டார் என்று கோலா கெத்திலிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். "யார் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். "நான்தான் அங்கிள் சொல்லுறன், அப்பாவுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன்" என்று அவர் மகள் அழுதாள். எதையும் லேசில் நம்பாத புத்தி என்னுடையது. அந்தப் புத்தியால் அவருக்கு நேர்ந்ததை, அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் சுங்கைப் பட்டாணியில் ஒரு படக்கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஒரே வயது. நான் ரப்பர் தோட்டத்து ஆள். அவர் தோட்டத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பிள்ளை. கிராணி வீட்டார் வெள்ளைக்காரத் துரை பக்கம்தான் சாய்வார்கள் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கேட்டு வளர்ந்தவன் நான். துரை போய் ஜப்பான்காரன் வந்தான், என் சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஆனாலும் வெளிச்சத்தை அவரிடம்தான் கற்றேன். கறுத்த முகத்தை வாசல் நிழலில், வெளியே பார்த்தபடி உட்கார்த்த வேண்டும். ஒரு பக்கம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் கன்னம் தெளியும். ரப்பர் மரத்தடியில் எடுத்தால் முகமெல்லாம் வெயில் புள்ளி விழும். யாரையும் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார்; சாவு வீட்டுப் படத்துக்கு அவர் சொன்னது: "பிணம் ஆடாது ஐசே, அழுகிற ஆக்களை ஒரு மூச்சு நிற்கச் சொல்லும்."

அப்படிப்பட்டவர், ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலுக்குப் படம் எடுக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். உச்சி வெயிலில், தொப்பியோடு நிறுத்துவார். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் விழும். வாரம் தவறாமல் ஜப்பான் அலுவலகத்துக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். தெளிவாக எடுத்த வேறு படத்தை அங்கே ரகசியமாகக் கொடுக்கிறாரோ என்று எனக்கு ஓயாத உறுத்தல்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். அன்று பட்டியல் படத்துக்கு வந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். என் கைவரிசையைக் காட்ட இதுதான் சமயம் என்று வாசல் நிழலில் உட்கார்த்தி, வேட்டியை விரித்து, புருவத்துத் தழும்புகூடத் தெரிய எடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

அத்தான் சயாமுக்குப் போக மறுத்து ஓடிப்போனார். நான்காம் நாள் பாடாங் செராய் பசாரில் படத்தை வைத்துப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். செல்லையாதான் காட்டிக்கொடுத்தார் என்று கடையில் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கவில்லை.

"அது நீர் எடுத்த படம், ஐசே."

அதுவரை ஓடியவர்களில் ஒருவரைக்கூடப் படத்தால் பிடிக்க முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "முன்னமே எனக்குச் சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"உம்மை நம்பலாமோ எண்டு எனக்கும் தெரியேல்லை" என்றார். இனிப் பட்டியல் படங்களைத் தொடாதேயும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அத்தான் சயாமிலிருந்து வரவே இல்லை. படம் எடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று, எடுத்தவர் அவர்தான் என நம்பியிருந்த அக்கா செல்லையாவின் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எத்தனை வருடங்கள்! தோட்டத்துக் கல்யாணங்களுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்றே உங்களில் பலர் நம்பினீர்கள். அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை; எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எனக்காக அவர் சுமந்த பழி. அது என்னுடையது. நேற்று இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு, "அவரு வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள். கோலா கெத்தில் போய்ச் சேரும்வரை என் முகத்தை அவள் பார்க்கவில்லை.