அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்

இந்த மெல்பர்னில் என்னை இன்னும் திடுக்கிட வைப்பது குளிர் அல்ல, மருத்துவமனைப் படிவம். என் மகள் எஸ்தர், பேத்தி கிரேஸுக்காக அதை நிரப்பும்போது எட்டிப் பார்த்தேன். தகப்பன் பெயருக்கென்று கட்டமே இல்லை. ‘பேரன்ட் ஆர் கார்டியன்’ என்று ஒரே கோடு. எஸ்தர் தன் பெயரை எழுதினாள், முடிந்தது. திருநெல்வேலி நீதிமன்றங்களில் ஊழியம் பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவனுக்கு, ஒரு காகிதம் இவ்வளவு லேசாக நிறைவது ஒழுங்கீனமாகவே பட்டது.

எட்டு வயது கிரேஸுக்கு இருமுறை வலிப்பு வந்திருந்தது. தலையை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆனால் ஊரில் இருந்தபோது அவள் இருதயத்திலிருந்த ஓட்டையைச் சிறு உலோக மூடி வைத்து அடைத்திருந்தார்கள். அது எந்த வகை என்று தெரியாமல் காந்தத்துக்குள் அனுப்ப மாட்டோம் என்றார்கள். பழைய காகிதங்கள் பாளையங்கோட்டையில், எஸ்தரின் முன்னாள் கணவன் வீட்டில். அந்த வீட்டைவிட்டு வந்த அன்று அவள் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தாள், ஃபைலை அல்ல. “அந்த மருத்துவமனையில் கேளுங்கள், தாய் கேட்டால் உடனே அனுப்பிவிடுவார்களே” என்றாள் வரவேற்பு மேசைப் பெண். நான் சிரித்தேன். நல்ல செய்தி கேட்டு மகிழ்கிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

முறைப்படியே கேட்டேன். பிள்ளையின் பொறுப்பு தாய்க்கே என்ற நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகல், எஸ்தரின் விண்ணப்பம், கேட்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கிற விதி, எல்லாவற்றையும் இணைத்து, பாளையங்கோட்டை வக்கீல் ஒருவர் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அதே ஆணையைப் பார்த்துத்தான் பாஸ்போர்ட் அலுவலகம் பிள்ளையை நாட்டைவிட்டே போக விட்டது. மருத்துவமனையோ வாய் திறக்கவில்லை. கடைசியில் அங்கே ரெக்கார்டு செக்‌ஷனுக்குப் போன் போட்டேன்.

“சேத்தது பிள்ளையோட அப்பாதான அண்ணாச்சி. அவிய வந்து ஒரு கையெழுத்துப் போடட்டும், இப்பவே எடுத்துத் தந்துருவேன்” என்றார் அங்கிருந்தவர்.

“பெத்தவ எம் மக, வே. கோர்ட் ஆர்டர் வச்சிருக்கேன்லா?”

“பாத்தேன். ஆனா நீங்க வக்கீல் நோட்டீஸுல்லா விட்டுட்டிய! மேல கொண்டு போயிட்டாவ. சும்மா ஒரு போன் போட்டு, ‘தம்பி, பிள்ளைக்கு முடியல’ன்னு சொல்லியிருந்தா நானே யாருக்கும் தெரியாம பைய அந்த ஃபைல எடுத்து அனுப்பியிருப்பேன். இப்ப எங்கையில இல்ல.”

அவர் மனிதர் நல்லவர்தான். உரிமை என்று எழுதினால் எங்கள் ஊரில் அது சண்டை; தயவு என்று கேட்டால் உதவி. தன் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு தாய் தயவு கேட்க வேண்டும். நான் நோட்டீஸுக்கு நினைவூட்டல் வரைந்துகொண்டிருந்த வேளையில் கிரேஸுக்கு மூன்றாவது முறை வலிப்பு வந்தது.

எஸ்தர் என்னிடம் சொல்லாமல் அவனுக்கே போன் போட்டுவிட்டாள். விவாகரத்துக்குப் பின் அவனோடு அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் போனான், வாங்கினான், படம் எடுத்து அனுப்பினான். அடையாள அட்டைகூடக் கேட்கவில்லையாம். பிறகு என்னையும் அழைத்தான்.

“மாமா, கேட்ட ஒடனே தந்துட்டாவ. இதுக்குப் போயி வக்கீலா? சரி, ஸ்கேன் என்னைக்கின்னு எனக்கும் சொல்லுங்க. நானும் அப்பன்லா?”

கடைசியாகச் சொன்னது நியாயம்தான், சட்டமும் அதுதான். அதனாலேயே கூடுதலாகக் கசந்தது. நாளைச் சொன்னேன்.

மூடி காந்தத்துக்கு ஒத்து வரும் வகைதான் என்றார்கள். ஸ்கேன் அன்று ஒரு நர்ஸ் டேப்லெட்டை நீட்ட, எஸ்தர் விரலால் கையெழுத்திட்டாள். “வேறு யாரும் வேண்டாமா?” என்று நர்ஸிடம் கேட்டேன். “வேறு யாராவது வருகிறார்களா?” என்று அவள் கவலையோடு திருப்பிக் கேட்டாள். இல்லை என்றேன். கிரேஸை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எஸ்தர் கண்மூடி ஜெபித்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாளையங்கோட்டையிலிருந்து ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டு, எல்லாவற்றையும் செல்லுபடியாக்கிவிடுவான் என்பதுபோல.