வெயிலம்மாளின் நாக்குப் புண்

புதூர்ப் பக்கம் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் குலவை போட வெயிலம்மாளுக்கு ஆள் வந்துவிடும். பத்துப் பெண்கள் கூடி வாயைத் திறந்தாலும் அவள் குலவை தனியாகத் தெரியும். நாக்கு சுழலுகிற வேகத்தில் சத்தம் பந்தலைத் தாண்டி, பருத்திக் காட்டைத் தாண்டி, ஆடு மேய்க்கிறவர்கள் காதுவரை போகும். மற்றபடி அவளும் எல்லாரையும் போலத்தான். கரிசலில் களை எடுப்பாள், மிளகாய் பறிப்பாள், புருஷன் மாடக்கண்ணுவோடு காலையில் சண்டை போட்டால் பொழுது சாயுமுன் சமாதானமாகிவிடுவாள்.

அந்த வருஷம் மாடக்கண்ணுவின் தங்கை சங்கரம்மாளுக்கு வைகாசியில் கல்யாணம் கூடியது. சங்கரம்மாள் ஒரு காலைச் சாய்த்து நடப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்று போனார்களே தவிர, ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் குளத்தூரிலிருந்து கடற்கரை என்று ஒரு பையன் வந்தான். உப்பளத்தில் வேலை. "எங்க ஊர்த் தண்ணி கொஞ்சம் கரிக்கும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டான். சங்கரம்மாள் சிரித்துவிட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

"மயினி, தாலி ஏறும்போது நீங்க போடுத குலவை குளத்தூருக்குக் கேக்கணும்" என்று அவள் அண்ணியிடம் சொல்லிவைத்தாள். தாயில்லாத பிள்ளையைத் தலை வாரி வளர்த்தவள் வெயிலம்மாள்தான். அவளுக்கும் அந்த ஒரே ஆசைதான்.

அந்த நேரம் பார்த்தா நாக்கில் புண் வர வேண்டும்?

வலப்பக்க ஓரத்தில், அரிசி அளவுக்கு. கோடைச் சூடு என்று நினைத்தாள். கிணற்றடியில் முளைத்திருந்த மணத்தக்காளிக் கீரையைப் பறித்துப் பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்து தின்றாள். தேங்காய்ச் சில்லை மென்று பாலை வாயில் அடக்கிக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். எரிச்சல் தணியும்; நாலு நாள் கழித்து அதே இடம் மறுபடி சிவக்கும். கம்பங்கூழுக்கு மிளகாயைக் கடித்துக்கொள்ள வழியில்லை. ஒரு நாள் ஆளில்லாத காட்டில் நின்று குலவை போட்டுப் பார்த்தாள். ஒரு சுழற்றுக்கே கண்ணில் நீர் கொட்டிவிட்டது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர்க்கண்ணு பூராவும் ஒன் நாக்குமேலதான்" என்றாள் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள். மாடக்கண்ணு வீடு அமைதியாக இருப்பதாக முதலில் கேலி செய்தான். அவள் பதிலுக்கு ஏசாமல் இருக்கவும் அவனுக்கே பயம் வந்துவிட்டது.

"நாளைக்குக் கோவில்பட்டி போவோம். பஜார்ல பல் டாக்டர் ஒருத்தர் இருக்காவளாம்."

"புண்ணு நாக்குல இருக்கு. பல் டாக்டர் எதுக்கு?"

"வாய்க்குள்ள எது இருந்தாலும் அவிய பாப்பாவளாம். பேசாம வா."

டாக்டர் பூவனநாதன் சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"ஆறி ஆறி அதே இடத்துலயே வருதாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒங்க கடவாய்ப் பல்லு ஓரம் ஒடைஞ்சு கத்தி மாதிரி நிக்கு. நாக்கு அசையும்போதெல்லாம் கிழிக்குது. பெறவு எந்த மருந்து போட்டு என்ன? எதைக் கடிச்சீங்க?"

வெயிலம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. வறுத்த புளியங்கொட்டை என்றால் அவளுக்கு உயிர்.

பல்லின் கூரை ராவுவதற்கு டாக்டர் காலால் மிதிக்கிற மிஷினை இழுத்தார். "ஏங்க, இது தையல் மிஷின்லா! வாயைத் தைக்கப் போறாவளா?" என்று அவள் மாடக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரே சிரித்துவிட்டார். கிர்ரென்று கொஞ்ச நேரம், அவ்வளவுதான். பிறகு புண்ணில் ஊதா மருந்து தடவினார்.

"காரம், சூடு ரெண்டும் வேண்டாம். சாப்பிட்டதும் உப்புத் தண்ணியில கொப்பளிங்க. ரெண்டு வாரத்துல ஆறிரணும். ஆறலைன்னா சும்மா இருந்துராதீங்க, திரும்ப வந்து காட்டுங்க."

பஸ்ஸில் அவள் உதடெல்லாம் ஊதா. "நாவப்பழம் தின்ன மைனா மாதிரி இருக்கே" என்று மாடக்கண்ணு விளாத்திகுளம்வரை சிரித்துக்கொண்டே வந்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவன் தொடையில் கிள்ளினாள்.

மோரும் சோறும் கீரையுமாக நாட்கள் போயின. புண் வற்றியது, ஆனால் குலவை போட்டுப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே முகூர்த்த நாளும் வந்துவிட்டது.

கடற்கரை தாலியை எடுத்தான். மேளம் உச்சத்துக்கு ஏறியது. பெண்களெல்லாம் வெயிலம்மாளின் முகத்தையே பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி, நாக்கை மெல்ல அசைத்தாள். எங்கேயும் உரசவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக. வலிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் யோசிக்கவில்லை. குலவை பீறிட்டுக் கிளம்பியது. மற்ற பெண்கள் சேர்ந்துகொள்ள மறந்து நின்றார்கள். தலை குனிந்திருந்த சங்கரம்மாள் முறைமையை விட்டுவிட்டு நிமிர்ந்து, மயினியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

அன்றிலிருந்து களையெடுக்கிற இடத்தில் எவளாவது வாய்ப்புண் என்றால் வெயிலம்மாள் முதலில் கீரையும் உப்புத் தண்ணீரும் சொல்வாள். பத்து நாள் கழித்தும் அதே பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தால், "ஏட்டி, வாயைத் தெற, பல்லைப் பாப்போம்" என்று அங்கேயே வெயிலுக்கு முகத்தைத் திருப்பிப் பார்த்து, கோவில்பட்டி பஸ்ஸுக்கு அனுப்பிவைப்பாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பை அள்ளித் தடவி வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும் மாடக்கண்ணுவிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை. கடைசியில் அவளே அளவாகச் சுண்ணாம்பு தடவி வெற்றிலை மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது.