கம்பெனிக்கு அர்த்தம் சொன்ன மேனேஜர்

காலையில மீட்டிங்ல எங்க புது மேனேஜர் கிளாஸ் எடுத்தாரு. "கம்பெனிங்கிற வார்த்தை லத்தீன்லேர்ந்து வந்தது. ரொட்டியைப் பகிர்ந்து ஒண்ணா சாப்பிடறவங்கன்னு அர்த்தம். நாமெல்லாம் அப்படித்தான்!"

நானும் கை தட்டித் தொலைச்சேன். ஆபீஸ் கூட்டுற வைத்திக்குப்பம் செல்வி அக்காவும் தட்டினாங்க.

மதியம் வழக்கம்போல எங்களோட உட்கார்ந்து அக்கா மீன் குழம்பு டப்பாவைத் திறந்தாங்க. அந்தக் குழம்புக்குத்தான் தினம் நாங்க அடிச்சுக்குவோம்.

மேனேஜர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. "நாத்தம் தாங்கல. நீ வெளியில போய்ச் சாப்பிடு."

"நீ"யாம். அவரோட அம்மா வயசு அவங்களுக்கு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போய், பைக் நிறுத்துற இடத்துல அக்காவைச் சுத்தி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சார் மட்டும் ஏசி ரூம்ல தனியா சாண்ட்விச் சாப்பிட்டாரு.

ரொட்டியைத் தனியாத் தின்னுறவனுக்கு லத்தீன்ல என்ன பேரு? தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. நாளைக்கு மீட்டிங்ல நான் கிளாஸ் எடுக்கணும்.