நாலு விரல் குறைந்த புங்கமரம்

போன வாரம் எங்கள் கம்பெனிக்கு ஆறு மரங்கள் வந்து இறங்கின. கன்றுகள் என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாக வளர்ந்த மரங்கள். டிரெய்லரில் படுக்கவைத்து, வேரை மண்ணோடு ஈரக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஆந்திராவில், வரதய்யபாளையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற இந்தக் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டியை எல்லாம் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. 'சரக்கு' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று டிரைவரிடம் மரத்தின் பெயரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஏதோ வெளிநாட்டு மரமாம், அடிமரம் பானை மாதிரிப் பருத்து, தண்ணீரை வயிற்றிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். 'மரம் – ஆறு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த ஈரக் கோணியின் வாசனைதான் விடவில்லை. மழைநாளில் ரேஷன் கடைக்குள் நுழைந்தால் வருமே, அது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எலுமிச்சை சாதத்திலும் அதே வாசனை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே போலக் கோணிகளைத் தண்ணீரில் முக்கி எடுத்து நானும் துரைசாமி அண்ணனும் மரங்களுக்குச் சுற்றியிருக்கிறோம்.

ரேணிகுண்டாவை ஒட்டி ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஓரத்து மரங்களை எண்ணி அளக்க ஒரு காண்டிராக்ட் ஆள் தற்காலிகமாக ஆட்களை எடுத்தார். நான் பி.எஸ்ஸி. தாவரவியல், முப்பது தாண்டியும் வேலை கிடைக்காதவள். ஊர் புத்தூர் பக்கம். மரம் எண்ணும் வேலை என்று அப்பாவிடம், எங்கள் நைனாவிடம், சொன்னேன். "எண்ணி முட்ச்சிட்டா அப்பறம் இன்னா வேல?" என்றார். நல்ல கேள்வி. அப்போது அது உறைக்கவில்லை.

எனக்கு ஜோடியாக வந்தவர் துரைசாமி அண்ணன். நாற்பத்தைந்து வயது, ஆறடிக்கு மேல் உயரம், முன்பு லாரி டிரைவர். நான் நாலடி ஒன்பது அங்குலம். நாங்கள் சேர்ந்து நடந்து போனால் டீக்கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். டேப்பின் முனையை நான் பிடித்துக்கொள்ள, அவர் மரத்தைச் சுற்றி வருவார். சுற்றளவு ஐந்தடிக்கு மேல் இருந்தால் மரத்தில் வெள்ளை வட்டம், அதை வேரோடு பெயர்த்துப் புறவழிச் சாலையில் நடுவார்கள். குறைந்தால் பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்த மரத்துக்கு மறுநாளே ரம்பம் வரும்.

எல்லா மரமும் ஏன் ஒரே மாதிரி வளர்வதில்லை என்பதுதான் எங்கள் நிரந்தரச் சண்டை. எல்லாம் விதையிலேயே எழுதியிருக்கிறது என்பது படித்த என் கட்சி. நிற்கிற இடம்தான் மரத்தைச் செய்கிறது என்பது ஊர் சுற்றிய அவர் கட்சி. பனி விழுகிற இமாச்சல மலையில் மரமெல்லாம் கூம்பாக இருக்குமாம், பனி தங்காமல் சறுக்கிவிட. ராஜஸ்தானில் ஒட்டகமும் ஆடும் கழுத்து எட்டுகிற மட்டும் தின்று, மரம் குடை பிடித்த மாதிரி நிற்குமாம். ராமேஸ்வரத்தில் காற்றுக்குப் பயந்து ஒரே பக்கம் சாய்ந்திருக்குமாம். கேரளத்துக் காட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வெயிலுக்காக எல்லாம் ஒல்லி ஒல்லியாக மேலே ஓடுமாம். அவ்வளவு தூரம் எதற்கு, நம் ரோட்டுப் புளியமரங்களையே பார் என்பார். வைக்கோல் லாரிகள் உரசி உரசி, அடிக்கிளைகள் லாரி போகிற அளவுக்கு வளைந்து கொடுத்திருந்தன. திருமலை அடிவாரத்துப் பாறையில் கஞ்சத்தனமாக வளர்கிற செம்மரத்தை, ஒருவர் தன் தோட்டத்தில் வைத்துத் தினம் தண்ணீர் விட்டு, மளமளவென்று வளர்ந்ததும் வெட்டிப் பார்த்து உள்ளே சிவப்பே இல்லையென்று அழுத கதையையும் சொல்வார். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒட்டகம் கடித்தால் வேப்பமரம் புளியமரமாகிவிடுமா என்று கேட்பேன். அவர் வாய் கொள்ளாமல் சிரிப்பார். என்னோடு அப்படி மெனக்கெட்டுச் சண்டை போட்டவர்கள் அதற்குப் பிறகு யாருமில்லை.

ஒருநாள் இன்ஜினியர் வந்தார். நாங்கள் வட்டம் போட்ட ஒரு வேப்பமரத்தைத் தானே அளந்து பார்த்தார். அரையடி குறைந்தது. எந்த உயரத்தில் டேப் பிடித்தாய் என்று கேட்டார். நெஞ்சு உயரத்தில்தான் சார், அப்படித்தானே சொன்னீர்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, யாருடைய நெஞ்சும்மா அது என்று தெலுங்கில் கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நெஞ்சு உயரம் என்றால் தரையிலிருந்து நாலரை அடியாம். இரண்டு மாதமாக என் நெஞ்சுக்கு அளந்திருக்கிறேன். அடிமரம் கீழே பருமன் அல்லவா, தகுதியில்லாத மரமெல்லாம் என் குள்ளத்தால் பிழைத்துப் போயிருந்தது. மறுபடி அளக்க நேரமில்லை, போட்ட குறி இருக்கட்டும், இனிமேல் ஒழுங்காகச் செய், இன்னொரு தப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஒரு மூங்கிலை நாலரை அடிக்கு வெட்டினேன். அது என் கண் மட்டத்துக்கு வந்தது. துரைசாமி அண்ணனின் நெஞ்சுக்குக் கச்சிதமாக இருந்தது. எனக்கு அந்தக் கோல் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. சரியாகச் செய்தால் நிரந்தர வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று இப்போது நினைவில்லை.

மூன்று வாரம் கழித்து துரைசாமி அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு புங்கமரம், வீட்டு நிழலுக்கு விலகி ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த மரத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார். அவர் லாரியில் போய்விட்டால் மனைவி அந்த மரத்தில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்பாராம். அவர் இமாச்சலத்தில் இருந்தபோது இங்கே அந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதோடு லாரியை விட்டவர். துணி காயப்போட அந்த அம்மா கட்டிய கம்பியை மரம் மெல்ல விழுங்கி, அந்த இடம் மட்டும் மோதிரம் போலப் புடைத்திருந்தது.

கோலை நிறுத்தினேன். டேப் பிடித்தோம். ஐந்தடிக்கு நாலு விரல் குறைந்தது. இன்னொரு தரம் அளந்தோம். அதே நாலு விரல்.

அவர் டேப்பை விடவில்லை. கம்பி புடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளும் உன் ஒசரம்தாம்மா. ஒருவாட்டி நீ நின்னு அளந்து பாரு."

என் நெஞ்சுக்குப் பிடித்தால் டேப் அந்தப் புடைப்பின் மேல் போகும். ஐந்தடி தாண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுற்றிலும் யாருமில்லை.

"கோலு இருக்குதேண்ணா," என்றேன்.

"ஆமா, இருக்குது," என்றார்.

பெயிண்டை எடுத்து அவரே பெருக்கல் குறி போட்டார். கோடு கோணாமல் நிதானமாகப் போட்டார். நான் பதிவேட்டில் எழுதினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாளும் வேலைக்கு வந்தார், டேப்பைப் பிடித்துச் சுற்றி வந்தார். மரங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானாக வாயைக் கொடுத்து, எல்லாம் விதையில்தான் இருக்கிறது என்று சீண்டினேன். "அப்டித்தான் இருக்கும்மா," என்றார். அந்த ஒப்புதல்தான் எனக்குத் தாங்கவில்லை. மரம் எண்ணி முடிந்தது, நைனா கேட்ட கேள்வி வந்து நின்றது, எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டை யாரும் திரும்பிப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நைனா போனார், கல்யாணம் என்ற பேச்சு வந்து வந்து நின்றுபோனது, ஒற்றை அறையில் இருக்கிறேன். அந்த மூங்கில் கோலில்தான் துணி காயப்போடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மன்னிப்புக் கேட்கலாம் என்று ரேணிகுண்டாவுக்குப் போனேன். புறவழிச் சாலையில் என் தப்பால் பிழைத்த வேம்பும் புங்கும் வெயிலில் தாராளமாகக் கிளை விரித்து நின்றன, பந்தல் போட்ட மாதிரி. அவர் சொன்னது சரி, இடம்தான் செய்கிறது. அவர் வீடு இருந்த இடத்தில் மேம்பாலத்தின் தூண் நின்றது. விசாரித்தேன். வீடு போனதும் எங்கேயோ போனவர், அங்கேயே இறந்துவிட்டதாக ஒரு பங்ச்சர் கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

மரங்கள் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு, கோலைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே போயிருக்கிறது. எனக்கும் வயதாகிறது, குறுகிக்கொண்டு வருகிறேன். நின்று அளந்து பார் என்று இன்றைக்கு யாராவது சொன்னால், கோலைத் தூரப் போட்டுவிட்டு நிற்பேன். டேப்பைப் பிடித்துச் சுற்றி வர அவர் இல்லை. சுற்றி வர அந்த மரமும் இல்லை.